ஜெங்கர் பத்திரிகைப் போராளியா, வெறும் அச்சுக்காரரா?

உங்கள் கேள்வி இதுதான்: ஜெர்மனியிலிருந்து அகதியாகப் போன குடும்பத்தின் பையன் ஜான் பீட்டர் ஜெங்கர்தான் அமெரிக்காவில் பத்திரிகைச் சுதந்திரத்துக்கு வழி திறந்தவர் என்று ஒரு புத்தகத்தில் படித்திருக்கிறீர்கள். இன்னொரு இடத்தில், அவர் தான் அச்சடித்த நியூயார்க் வீக்லி ஜர்னல் என்ற பத்திரிகையில் எதுவுமே எழுதவில்லை, கூலிக்கு அச்சடித்தவர்தான் என்று பார்த்திருக்கிறீர்கள். எது சரி என்று கேட்கிறீர்கள். கூடவே, இணையத்தில் சுற்றும் படம் அவருடையதா என்றும். எனக்குத் தோன்றுவது, நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இன்னும் ஒரு படி உள்ளே இருக்கிறது: எழுதாத ஆளை எதற்காக ஏறக்குறைய ஒன்பது மாதம் சிறையில் வைத்தார்கள், அவர் ஏன் அதைத் தாங்கிக்கொண்டார்?

நான் வக்கீல் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். என் பிழைப்பு அச்சுத் தொழில். ஈய எழுத்தைக் கையால் கோர்த்தவர்களில் கடைசி வரிசை ஆட்களில் ஒருவன். பிறகு அச்சு வரலாறு சொல்லிக்கொடுக்கப் போனேன். அதனால் ஜெங்கர் மேல் நடந்த அவதூறு வழக்கை நீதிமன்றப் பக்கமிருந்து பார்க்காமல் கம்போசிங் மேஜைப் பக்கமிருந்து பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது. அங்கிருந்து பார்த்தால் சில விஷயங்கள் வேறு மாதிரித் தெரிகின்றன.

ஜெங்கர் பிறந்தது 1697இல், ஜெர்மனியின் பலட்டினேட் பகுதியில். பிரெஞ்சுப் படைகள் திரும்பத் திரும்ப மிதித்த பூமி அது. போர், வரி, அதற்கு மேல் 1708-09 குளிர்காலத்தின் கொடும் பனி. திராட்சைக் கொடிகள் வேரோடு செத்தன என்பார்கள். 1709இல் சுமார் 13,000 பேர் ரைன் ஆற்று வழியாக ரோட்டர்டாம் போய், அங்கிருந்து லண்டனில் வந்து குவிந்தார்கள். ஆன் அரசியின் அரசாங்கத்துக்கு இவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு பகுதியினரை அயர்லாந்துக்கு அனுப்பினார்கள். 3,000 பேர் வரை நியூயார்க்குக்குக் கப்பல் ஏற்றினார்கள்: ஹட்சன் ஆற்றங்கரைப் பைன் மரங்களிலிருந்து கடற்படைக்குத் தார் காய்ச்ச வேண்டும், பயணச் செலவை அதில் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. கப்பலில் காய்ச்சல் பரவி நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். தார்த் திட்டமும் இரண்டே வருடத்தில் படுத்துவிட்டது.

இதில் நமக்கு ஒரு சின்னத் தொடர்பு உண்டு, சொல்லாமல் போக மனமில்லை. லண்டனில் இந்த அகதிகளுக்காக ஓடியாடிய ஜெர்மன் பாதிரியார்களில் ஒருவர் அன்டன் வில்ஹெல்ம் போமே. தரங்கம்பாடியிலிருந்து சீகன்பால்கு எழுதிய கடிதங்களை 1709இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவரும் அவரே. அந்தக் கடிதங்களைப் படித்துத்தான் லண்டன் கிறிஸ்தவச் சங்கம் ஒன்று தரங்கம்பாடிக்கு அச்சு இயந்திரம் அனுப்பியது. தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு, ஆட்லர் என்ற ஜெர்மன் அச்சாளரோடு 1713இல் வந்து சேர்ந்தன. அதே வருடங்களில் பலட்டினேட் பையன் ஒருவன் நியூயார்க்கில் அச்சுத் தொழில் கற்றுக்கொண்டிருந்தான்.

அவன் அந்தத் தொழிலுக்கு வந்தது விருப்பப்பட்டு அல்ல. 1710 கோடையில் கப்பல்கள் நியூயார்க் சேர்ந்தபோது அவன் தாய் யோஹான்னா விதவை. கையில் மூன்று பிள்ளைகள், மூத்தவனுக்கு 13 வயது. தகப்பன் பயணத்தில் இறந்தார் என்பதே பொதுவாகச் சொல்லப்படுவது. அநாதைப் பிள்ளைகளையும் விதவைகளின் பிள்ளைகளையும் ஆளுநர் ராபர்ட் ஹன்டர் கண்ட இடங்களுக்குத் தொழில் பழக ஒப்பந்தம் எழுதி அனுப்பினார். சில பிள்ளைகள் பெற்றோரை மறுபடி பார்க்கவே இல்லை. ஜெங்கருக்கு அந்த வகையில் அதிர்ஷ்டம். ஊரிலேயே, வில்லியம் பிராட்ஃபோர்டின் அச்சகத்தில், எட்டு வருட ஒப்பந்தம். 1710 அக்டோபரில் கையெழுத்தானது.

எட்டு வருடம் என்பது அச்சுத் தொழிலில் அதிகம் இல்லை. அன்றைய மர அச்சு இயந்திரத்தில் ஒரு தாள் அடிப்பது எப்படி என்று பாருங்கள். முதல் நாள் இரவே தாளை நனைத்து அடுக்கி, மேலே பாரம் வைத்துவிட வேண்டும். ஈரம் இல்லாவிட்டால் மை பிடிக்காது. மை என்பது காய்ச்சிய ஆளி விதை எண்ணெயும் விளக்குக் கரியும். தோலுக்குள் கம்பளி அடைத்த இரண்டு பந்துகளில் அதைத் தேய்த்து, எழுத்தின் மேல் ஒற்றி ஒற்றி எடுப்பான் ஒருவன். இன்னொருவன் தாளை வைத்து, படுக்கையை உள்ளே தள்ளி, நெம்பு கோலை உடம்பையே சாய்த்து இழுப்பான். இரண்டு தேர்ந்த ஆட்கள் மணிக்கு 200, 250 தாள் அடிக்கலாம், அதுவும் ஒரு பக்கம் மட்டும். பையனுக்கு வாய்த்தது இதற்கெல்லாம் முன்னும் பின்னும் உள்ள வேலை: மைப் பந்தின் தோல் இறுகாமல் இருக்க மூத்திரத்தில் ஊறப்போடுவது, அச்சடித்து முடிந்த எழுத்தைக் காரத் தண்ணீரில் கழுவுவது, பிறகு ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் அறையில் பிரித்துப் போடுவது. எழுத்தறைகளின் இடம் கைக்குப் பழகுவது இந்தப் பிரித்துப் போடும் வேலையில்தான். எங்களுக்கும் அப்படித்தான் பழகியது.

அவனுக்கு வந்தபோது ஆங்கிலம் தெரிந்திருக்க நியாயமில்லை. அதை வைத்து, மொழி தெரியாதவன் எப்படி அச்சுக் கோர்ப்பான் என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகக் கோர்ப்பான். எங்கள் அச்சகத்தில் தெலுங்கு ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர் தெலுங்கு மேட்டரைப் பிழையில்லாமல் கோர்த்து, சட்டகத்தில் இறுக்கி முடுக்கிக் கொடுப்பார். உருவம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும், கை அதைத் தேடிக்கொள்ளும். அர்த்தம் அப்புறம் வரும். ஆனால் இப்படிக் கற்ற மொழி கோர்ப்பதற்கு உதவுகிற அளவுக்கு எழுதுவதற்கு உதவாது. ஜெங்கர் சொந்தக் குரலில் எழுதியதாகத் தெரிகிற சில அறிவிப்புகளுக்கும், அவர் பத்திரிகையில் வந்த அரசியல் கட்டுரைகளுக்கும் நடை ஏணி வைத்தாலும் எட்டாது.

அவருடைய முதலாளி பிராட்ஃபோர்டைப் பற்றி ஒரு கதை சொல்லியாக வேண்டும். 1692இல் பிலடெல்பியாவில், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்குள் நடந்த சண்டையில் ஒரு தரப்பின் துண்டுப் பிரசுரத்தை அச்சடித்ததற்காக அவர் மேல் வழக்குப் போட்டார்கள். தான் அச்சடித்தேனா இல்லையா என்பதை மட்டுமல்ல, அது குற்றமான எழுத்தா என்பதையும் ஜூரிகளே தீர்மானிக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். அவருடைய கடையில் பறிமுதல் செய்த, முடுக்கிய எழுத்துப் பாரத்தை, அதாவது கோர்த்த எழுத்து மொத்தத்தையும் சட்டகத்தோடு, நீதிமன்றத்துக்குச் சாட்சியாகக் கொண்டுவந்தார்களாம். ஜூரி ஒருவர் அதைக் கைத்தடியால் தட்டிப் பார்க்கப் போக, மொத்த எழுத்தும் கொட்டிச் சிதறி, சாட்சியே இல்லாமல் போய்விட்டதாம். வழக்கு நடந்ததும் ஜூரிகள் ஒத்துவராமல் அது நின்றுபோனதும் உறுதி. எழுத்து கொட்டிய கதைக்கு நான் அவ்வளவு உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் சரியாக முடுக்காத பாரத்தைத் தூக்கிப் பார்த்தவன் எவனும் அதை நம்ப மறுக்கமாட்டான். பிராட்ஃபோர்ட் 1693இல் நியூயார்க் வந்து அரசாங்க அச்சாளர் ஆனார். அப்புறம் ஆளுநருக்குப் பிடிக்காததை அவர் அச்சடிக்கவே இல்லை. 1725இல் அவர் தொடங்கிய நியூயார்க் கெஜட் அரசாங்கத்தின் குரலாகவே இருந்தது.

ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்த ஜெங்கருக்கு அடுத்த சில வருடங்கள் அலைச்சல். 1719இல் பிலடெல்பியாவில் கல்யாணம். மேரிலாந்தில் சட்டசபைச் சட்டங்களை அச்சடிக்கும் வேலைக்கு முயற்சி. மனைவி இறந்து, சின்ன மகனோடு நியூயார்க்குக்கே திரும்பினார். 1722இல் ஆன்னா கேத்தரீன் மௌல் என்ற பெண்ணை மணந்தார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். 1725இல் பழைய முதலாளியோடு கூட்டுச் சேர்ந்தார். இருவர் பெயரும் சேர்ந்து ஒரே ஒரு புத்தகத்தில்தான் வந்திருக்கிறது. 1726இல் ஸ்மித் தெருவில் தனிக்கடை. அந்த ஊரில் வருமானம் என்பது அரசாங்க வேலைதான்: சட்டங்கள், அறிவிப்புகள், படிவங்கள். அது பிராட்ஃபோர்ட் கையில் இருந்தது. ஜெங்கருக்குக் கிடைத்தது மிச்சம் மீதி. டச்சுக்காரர்களின் சமயச் சண்டைப் பிரசுரங்கள், பிரசங்கங்கள், 1730இல் பீட்டர் வெனமாவின் டச்சு மொழிக் கணக்குப் புத்தகம். அது நியூயார்க்கில் அச்சான முதல் கணக்குப் புத்தகம் என்ற பெருமை பின்னால் வந்தது. அன்றைக்கு அவர் கண்ட லாபம் பெரிதாக இருந்திருக்க வழியில்லை. இப்படி அரசாங்க வேலை எட்டாத ஓர் அச்சுக்காரரிடம்தான் 1733இல் எதிர்க்கட்சி வந்து கதவைத் தட்டியது.

அரசியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1732இல் வந்த ஆளுநர் வில்லியம் காஸ்பி, தான் வருவதற்கு முன் இடைக்காலத்தில் ஆண்ட ரிப் வான் டாம் வாங்கிய சம்பளத்தில் பாதி தனக்குச் சேர வேண்டும் என்றார். ஜூரி இல்லாத நீதிமன்றத்தில் அதைத் தீர்க்கப் பார்த்தார். தலைமை நீதிபதி லூயிஸ் மாரிஸ் எதிர்த்துத் தீர்ப்பு எழுதினார், பதவி போனது. அந்தத் தீர்ப்பைப் பிரசுரமாக அச்சடித்தவர் ஜெங்கர். மாரிஸின் இடத்துக்கு இளம் வயது ஜேம்ஸ் டிலான்சி வந்தார். மாரிஸ் சட்டசபைக்கு நின்றபோது, சத்தியப் பிரமாணம் செய்ய மறுத்த குவேக்கர்களின் ஓட்டை ஷெரீஃப் தள்ளினார். அப்படியும் மாரிஸ் ஜெயித்தார். இந்தத் தேர்தல் செய்தியோடுதான் 1733 நவம்பர் 5 அன்று நியூயார்க் வீக்லி ஜர்னல் முதல் இதழ் வந்தது. அந்த இதழின் தலைப்பில் தேதி அக்டோபர் 5 என்று தப்பாக அச்சாகியிருக்கிறது. புரூஃப் பார்க்கிற எல்லோரும் சிறிய எழுத்தைத்தான் உற்றுப் பார்ப்பார்கள், தலைப்பை யாரும் படிப்பதில்லை. அது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

இனி உங்கள் கேள்வியின் முதல் பாதி. பத்திரிகையை நடத்தியது யார் என்பதில் சந்தேகமே கிடையாது. ஜேம்ஸ் அலெக்சாண்டர் என்ற ஸ்காட்லாந்துக்கார வக்கீல்தான் ஆசிரியர் வேலை பார்த்தவர். மாரிஸும் வில்லியம் ஸ்மித் என்ற இன்னொரு வக்கீலும் கூட இருந்தார்கள். லண்டனில் வந்த சுதந்திரக் கட்டுரைகளை எடுத்துப் போட்டார்கள், சொந்தமாகவும் எழுதினார்கள். கேலி விளம்பரங்களும் போட்டார்கள். ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ள ஸ்பானியல் நாய் ஒன்று காணாமல் போய்விட்டது என்று ஒன்று வரும். அது ஆளுநரின் அடிவருடி பிரான்சிஸ் ஹாரிசன் என்று ஊருக்கே தெரியும். எதிலும் எழுதியவர் பெயர் இருக்காது. ஒரே ஒரு பெயர்தான் இருக்கும்: அச்சிட்டவர் பெயர்.

எழுதாத ஆளைப் பிடித்ததற்குக் காரணம் அதுதான். எழுதியவரை நிரூபிக்கச் சாட்சி வேண்டும். அச்சிட்டவருக்குப் பத்திரிகையே சாட்சி. நம் ஊர்ப் பத்திரிகைகளிலும் ஒரு மூலையில் பொடி எழுத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர், அச்சகத்தின் ஊர் எல்லாம் வரும். 1867இல் பிரிட்டிஷ் அரசு போட்ட அச்சுச் சட்டம் கட்டாயமாக்கிய வரி அது. யாரைப் பிடிப்பது என்று தேட வேண்டியதில்லை என்பதுதான் அந்த வரியின் முதல் பயன். அச்சகம் வைத்திருப்பவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும்.

வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் ஊர்க்காரர் குழுவுக்குப் பெருஞ்சூரி என்று பெயர். டிலான்சி இரண்டு முறை அந்தப் பெருஞ்சூரியிடம் அவதூறுக் குற்றச்சாட்டுக் கேட்டார்; இரண்டு முறையும் அவர்கள் மறுத்தார்கள். ஆளுநரின் ஆலோசனைச் சபை நான்கு இதழ்களைப் பொதுவில் எரிக்க உத்தரவிட்டது. நகரசபை அதற்குத் தன் ஆளை அனுப்ப மறுத்தது. கடைசியில் ஷெரீஃப் தன்னிடம் அடிமையாக இருந்த கறுப்பினத்தவர் ஒருவரை வைத்து எரிக்கச் செய்தார். எழுதுகிற, அச்சடிக்கிற சுதந்திரத்தைப் பற்றி அவ்வளவு பேசிய அந்த ஊரில், தீ வைத்த கை யாருடையது என்பதைப் பல புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிவிடும். 1734 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, ஜெங்கர் கைதானார். வால் தெருவில் இருந்த நகர மண்டபத்தின் மேல்மாடிதான் சிறை.

பத்திரிகை வருவது திங்கட்கிழமை. மறுநாள் இதழ் வரவில்லை. அந்த ஒரு இதழ்தான் வரவில்லை. அடுத்த திங்கள், நவம்பர் 25 அன்று, வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டு ஜெங்கரின் குறிப்போடு இதழ் வந்தது. முதலில் பேனா, மை, காகிதம் எதுவும் தரவில்லை, யாரையும் பார்க்க விடவில்லை. நீதிபதியிடம் முறையிட்ட பிறகு, சிறைக் கதவின் ஓட்டை வழியாக மனைவியிடமும் வேலையாட்களிடமும் பேச அனுமதி கிடைத்திருக்கிறது. இனி உங்களுக்குப் பத்திரிகை தவறாது என்பது அந்தக் குறிப்பின் சாரம்.

கதவு ஓட்டை வழியாக ஒரு பத்திரிகையை நடத்த முடியுமா? தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன்: வெளியே இருப்பவருக்கு வேலை முழுசாகத் தெரிந்திருந்தால்தான் முடியும். நாலு பக்கத்துக்கு மேட்டர் எவ்வளவு பிடிக்கும் என்று அளக்க வேண்டும். இரண்டு பக்கம் அடித்து, கழுவி, பிரித்துப் போட்டால்தான் அடுத்த இரண்டு பக்கத்துக்கு எழுத்து மிஞ்சும். காலனிகளில் எழுத்து வார்ப்பவர் எவரும் இல்லை, இருக்கிற எழுத்தை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். தாள் வாங்க வேண்டும், கடன் வசூலிக்க வேண்டும், பயந்து ஓடாமல் வேலையாட்களை நிறுத்திவைக்க வேண்டும். இதையெல்லாம் அந்த எட்டரை மாதமும் பார்த்தவர் ஆன்னா. இன்று சிலர் ஒரு படி மேலே போய், கட்டுரைகளையும் அவரே எழுதினார், அமெரிக்காவின் முதல் பெண் ஆசிரியர் அவர்தான் என்கிறார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. எழுத அலெக்சாண்டர் வெளியில்தான் இருந்தார். அச்சகத்தை நடத்தினார் என்பதற்கு வாரம் தவறாமல் வந்த இதழ்களே ஆதாரம். அதை விட்டுவிட்டு இல்லாத பெருமையை ஏன் தேட வேண்டும்?

ஜாமீன் விஷயத்தில்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்தல். ஜெங்கர் 400 பவுண்டு பணம், ஜாமீன்தாரர் இருவர் ஆளுக்கு 200 பவுண்டு என்று டிலான்சி விதித்தார். தொழில் கருவிகளும் உடுத்திய துணியும் போக, தன் சொத்து 40 பவுண்டுகூடத் தேறாது என்று ஜெங்கர் சத்தியம் செய்து கொடுத்தார். சரி, அவரிடம் இல்லை. மாரிஸிடமும் அலெக்சாண்டரிடமும் இருந்தது. இருவரும் பெரிய நிலக்காரர்கள். ஏன் எடுக்கவில்லை? அவர் உள்ளே இருப்பதுதான் கட்சிக்கு லாபம் என்று கணக்குப் போட்டார்கள் என்பது வரலாற்றாளர்கள் சிலரின் ஊகம். ஊகம்தான், எழுத்துச் சான்று இல்லை. ஜாமீன் கொடுத்தால் அந்த அநியாயத் தொகையை ஒத்துக்கொண்டது போலாகும் என்று நினைத்திருக்கவும் இடமுண்டு. எனக்கு முதல் ஊகம்தான் நம்பும்படி இருக்கிறது. எப்படியிருந்தாலும், எழுதியவர்கள் தங்கள் வீட்டில் தூங்கினார்கள், அச்சடித்தவர் மாடிச் சிறையில் தூங்கினார்.

பெருஞ்சூரி மூன்றாம் முறையும் குற்றச்சாட்டுக் கொடுக்காததால், அரசாங்கத்தின் தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட் பிராட்லி நேரடியாக வழக்குத் தாக்கல் செய்தார். 1735 ஏப்ரலில் அலெக்சாண்டரும் ஸ்மித்தும் ஜெங்கருக்காக ஆஜராகி, டிலான்சியின் நியமனமே செல்லாது என்றார்கள். இருவரையும் வக்கீல் பட்டியலிலிருந்தே நீக்கினார் டிலான்சி. அவரே நியமித்த இளம் வக்கீல் ஜான் சேம்பர்ஸ் அதன்பின் செய்த ஒரு காரியத்துக்குப் போதிய பெயர் கிடைக்கவில்லை. ஜூரிப் பட்டியலில் ஆளுநரின் ரொட்டிக்காரர், தையல்காரர், செருப்புத் தைப்பவர் என்று அவர் தயவில் பிழைப்பவர்கள் நுழைந்திருந்தார்கள். சேம்பர்ஸ் எதிர்த்து, முறைப்படி வேறு பட்டியல் வாங்கினார். டச்சுப் பெயர்கள் பல கொண்ட 12 பேர் அமர்ந்தார்கள். வழக்கு அப்போதே பாதி முடிந்துவிட்டது என்பேன்.

ஆகஸ்ட் 4 அன்று, பிலடெல்பியாவிலிருந்து ரகசியமாக வரவழைத்திருந்த ஆண்ட்ரூ ஹாமில்டன் எழுந்தார். என் கட்சிக்காரர் இந்த இதழ்களை அச்சிட்டு வெளியிட்டது உண்மைதான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டார். அன்றைய சட்டப்படி அதோடு கதை முடிந்தது: அச்சிட்டாரா என்பதை மட்டும் ஜூரி சொல்ல வேண்டும், அது அவதூறா என்பதை நீதிபதி பார்த்துக்கொள்வார். உண்மை என்பது தற்காப்பே அல்ல. உண்மையாக இருந்தால் அவதூறு இன்னும் கனமானது என்பதே கொள்கை. ஹாமில்டன் குற்றப்பத்திரத்தில் இருந்த ‘பொய்யான’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். பொய் என்று நிரூபியுங்கள், இல்லை உண்மை என்று நாங்கள் நிரூபிக்க விடுங்கள் என்றார். டிலான்சி விடவில்லை. உடனே ஹாமில்டன் ஜூரிகள் பக்கம் திரும்பி, நடந்ததெல்லாம் உங்கள் ஊரில் நடந்தது, உங்களுக்கே தெரியும், நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்த ஜூரித் தலைவர் தாமஸ் ஹன்ட் குற்றவாளி இல்லை என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அன்று மாலை பிளாக் ஹார்ஸ் விடுதியில் ஹாமில்டனுக்கு விருந்து நடந்தது. பிறகு நகரசபை அவருக்குத் தங்கப் பெட்டியில் வைத்து நகர மரியாதைப் பத்திரம் அனுப்பியது. விருந்து நடந்த இரவிலும் ஜெங்கர் சிறையில்தான் இருந்தார். விடுதலை மறுநாள்.

இதனால் சட்டம் மாறியதா? மாறவில்லை. ஜூரி தீர்ப்பு என்பது அந்த வழக்கோடு சரி. உண்மையைத் தற்காப்பாக ஏற்பது நியூயார்க் சட்டத்தில் வந்தது 1805இல். முந்தைய வருடம் ஹேரி கிராஸ்வெல் என்ற பத்திரிகைக்காரர் வழக்கில் அலெக்சாண்டர் ஹாமில்டன் வாதாடினார். பெயர் ஒற்றுமையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், இருவருக்கும் உறவு இல்லை. அப்போதும் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, நல்ல நோக்கமும் இருக்க வேண்டும் என்றே சட்டம் சொன்னது. இந்தியாவின் குற்றவியல் அவதூறுச் சட்டமும் இன்றுவரை உண்மையோடு பொதுநன்மையையும் சேர்த்தே கேட்கிறது. ஜெங்கர் வழக்குக்குப் பிறகும் அமெரிக்கக் காலனிகளில் அச்சுக்காரர்களைச் சட்டசபைகள் கூப்பிட்டு மிரட்டியதும் உள்ளே வைத்ததும் நடந்திருக்கின்றன. மாறியது நடைமுறை. ஜூரி விடுதலை செய்துவிடுவார்களோ என்ற பயத்தில் ஆளுநர்கள் இந்த வகை வழக்குகளைத் தவிர்க்கத் தொடங்கினார்கள். 1736இல் வழக்கின் முழு விவரமும் ஒரு சிறு புத்தகமாக வந்தது. ஜெங்கர் பெயரில் இருந்தாலும் தொகுத்தவர் அலெக்சாண்டர், அச்சடித்தவர் ஜெங்கர். அது லண்டனில் பல பதிப்பு ஓடியது. தீர்ப்பைவிட அந்தப் புத்தகம்தான் அதிக வேலை செய்தது என்பது என் எண்ணம்.

ஜெங்கரின் மீதி வாழ்க்கை சாதாரணமானது. காஸ்பி 1736இல் இறந்தார், அரசியல் திசை மாறியது. 1737இல் நியூயார்க்கின் அரசாங்க அச்சாளர் வேலை, அதாவது பழைய முதலாளியின் வேலை, ஜெங்கருக்கே வந்தது. அடுத்த வருடம் நியூஜெர்சியும். 1746 ஜூலை 28 அன்று இறந்தார். ஆன்னா இரண்டு வருடம் பத்திரிகையை நடத்தி, மூத்த தாரத்து மகன் ஜானிடம் கொடுத்தார். 1751இல் பத்திரிகை நின்றது. அதன் பிற்கால அறிவிப்பு ஒன்றில், ஏழு வருடமாகச் சந்தா பாக்கி வைத்திருக்கிறீர்கள், என் தினசரி உடுப்பே கிழிந்துவிட்டது, பணம் இல்லாவிட்டால் பன்றித் தொடைக்கறி, மாவு, வெண்ணெய், கோழி எதையாவது அனுப்பிவையுங்கள் என்று கெஞ்சல் இருக்கிறது. பத்திரிகைச் சுதந்திரத்தைக் கொண்டாடியவர்கள் சந்தாவைக் கட்டவில்லை.

அதே நூற்றாண்டில் இன்னொரு ஜெர்மன் குடியேறியின் மகனுக்கு நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிறிஸ்டோஃப் சவர் இளையவர், 1721இல் பிறந்து, மூன்று வயதில் பென்சில்வேனியா வந்தவர். தகப்பன் ஜெர்மன்டவுனில் ஜெர்மன் மொழி அச்சகம் வைத்து 1743இல் ஜெர்மன் பைபிளையே அச்சடித்தவர். மகன் அதை இன்னும் இரண்டு பதிப்பு கொண்டுவந்தார். அமெரிக்கப் புரட்சிக் காலத்தில், சத்தியம் செய்வதில்லை என்ற தன் சபை நம்பிக்கையால், புதிய அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கவில்லை. 1778இல் வீடு, அச்சகம், எழுத்து எல்லாவற்றையும் பறித்து ஏலம் விட்டார்கள். கட்டப்படாமல் கிடந்த பைபிள் தாள்களைச் சிப்பாய்கள் துப்பாக்கித் தோட்டா சுற்ற எடுத்துக்கொண்டார்கள். இந்த முறை பறித்தவர்கள் சுதந்திரம் கேட்டுப் போராடியவர்கள். அதனால் அவர் பெயர் பள்ளிப் புத்தகத்தில் வரவில்லை.

ஆக, உங்களுக்கு என் பதில்: ‘எழுதவில்லை’ என்று சொன்னவர் சொன்னது ஏறக்குறைய சரி, ‘வெறும்’ அச்சுக்காரர் என்பது சரியில்லை. ஜெங்கர் தத்துவம் எதற்காகவும் கிளம்பியவராக எனக்குத் தெரியவில்லை. வேலை தேவைப்பட்டது, வந்த வேலையை எடுத்தார். ஆனால் எழுதியவர் பெயர்களைச் சொல்லி வெளியே வர அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தும் சொல்லவில்லை. உள்ளே இருந்தபடியே பத்திரிகையை நிறுத்தவும் விடவில்லை. இந்த இரண்டும் அவர் செய்தவை, வேறு யாரும் அவருக்காகச் செய்தவை அல்ல. கொள்கைக்காகவா, பிழைப்புக்காகவா, பிடிவாதத்தாலா என்று பிரித்துச் சொல்ல அவர் எழுதிவைத்த நாட்குறிப்போ கடிதக் கட்டோ கிடையாது.

படத்தைப் பற்றி: ஜெங்கரை நேரில் பார்த்து வரைந்த ஓவியம் எதுவும் இல்லை. தனி முகமாக வருவதெல்லாம் கற்பனை, அல்லது வேறு யாருடையதோ. நீதிமன்றக் காட்சியாக வரும் படங்கள் மிகவும் பிற்காலத்தில் வரைந்தவை. அவற்றில் நடுவில் கை நீட்டிப் பேசிக்கொண்டிருப்பவர் ஹாமில்டன். பலர் அவரையே ஜெங்கர் என்று போட்டுவிடுகிறார்கள்.